நிலையும் நூலும்

2022 மார்ச் 31ஆம் திகதி இலங்கையில் மின்வெட்டு 13 மணி நேரத்துக்கு நீண்டது. ஊர்களை ஏ முதல் டபிள்யூ வரையான எழுத்துக் குழுக்களாகப் பிரித்து, எந்த எழுத்துக்கு எந்நேரம் இருட்டு என்று முன்கூட்டியே அட்டவணை போட்டார்கள். அந்த மாதங்களில் அவரவர் வீட்டு எழுத்து, பிள்ளைகளின் நட்சத்திரம் மாதிரி எல்லோருக்கும் மனப்பாடம். மாத்தளைப் பக்கத்தில் கணினியை வைத்துப் பிழைப்பவர்கள் பலரிடம் இருந்தவை பழைய மடிக்கணினிகள்: யாரோ பாவித்துக் கழித்தவை, பற்றரி சோர்ந்தவை. புதிய விண்டோஸ் அவற்றில் ஏறாது, லினக்ஸ் ஏறும். கரண்ட் போகும் நேரம் தெரியும், திறந்து கிடக்கும் வேலையோ அதற்குள் முடியாது. அதுவரை யாரும் தொட்டிராத ஒரு மெனுச் சொல் அப்போதுதான் தேவைப்பட்டது: ஹைபர்னேட்.

அது தரும் வாக்கு எளிமையானது. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டு இயந்திரம் முழுதாக அணைந்துவிடும். சஸ்பென்ட் போலக் கொஞ்சம் மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு அரைத்தூக்கம் போடாது. பற்றரியைக் கழற்றி வைத்தாலும் குற்றமில்லை. கரண்ட் வந்ததும் பட்டனை அழுத்தினால், பாதி திருத்திய பக்கம், திறந்திருந்த அகராதி, கர்சர் நின்ற சொல் எல்லாம் விட்ட இடத்திலேயே இருக்கும்.

லினக்ஸில் இந்த வாக்கு சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. எழுந்ததும் கருந்திரை மட்டும் நிற்கும். அல்லது எல்லாம் வந்து வைஃபை மட்டும் வராது. அல்லது உறங்கியதே இல்லை என்பதுபோல் புதிதாக பூட் ஆகி வெறுந்திரையைக் காட்டும். நேற்றுவரை ஒழுங்காக எழுந்த இயந்திரம் இன்று எழாது, நாளை எழும். எப்போதும் உடைந்திருப்பதைப் பழுதுபார்ப்பது சுலபம். சிலநேரம் மட்டும் உடைவதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது அலுவிகாரையில். மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே மூன்று கிலோமீற்றர். பெரும் பாறைகள், அவற்றின் இடுக்குகளில் குகை விகாரைகள். கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை வாய்வழியாக வந்த பாளித் திரிபிடகமும் அதன் உரையும் இங்கேதான் முதன்முதலாக எழுத்தில் இறங்கின என்பது மரபு. எழுதப்பட்டதைத் தீபவம்சமும் மகாவம்சமும் சொல்கின்றன, இடத்தைச் சொல்வதில்லை. அலுவிகாரையின் பெயரைச் சொல்வது 14ஆம் நூற்றாண்டு நூலான நிகாய சங்கிரகம். நினைவில் இருந்ததை ஓலைக்கு இறக்கிய ஊரில் குடியிருந்துகொண்டு, ரேமை டிஸ்க்குக்கு இறக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுபவன் இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஒப்பிடப்போனால் முதலில் ஒற்றுமைகள் கிடைக்கின்றன. யோசிக்கவைப்பது அவற்றைத் தாண்டிக் கிடைக்கும் வேறுபாடு.

*

எழுதவைத்த நெருக்கடி இரண்டிலும் ஒரே வகை. வட்டகாமணி கி.மு. 103இல் அரசேறிய சில மாதங்களிலேயே தீயன் என்ற பிராமணனின் கலகம் மூண்டது. மாதோட்டத்தில் தமிழ்ப் படைகள் வந்திறங்கின. ஐந்து தமிழர் ஒருவர்பின் ஒருவராக அநுராதபுரத்தை 14 ஆண்டுகள் ஆண்டார்கள். தலைமறைவாகத் திரிந்த மன்னன் கி.மு. 89இல்தான் மீண்டான். இடையில் கொடும் பஞ்சம். பிக்குகள் பலர் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனார்கள். போகாமல் மலைநாட்டில் தங்கிய அறுபது பேரின் கதை அங்குத்தர நிகாய உரையில் இருக்கிறது. கிழங்கையும் இலையையும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு ஓதினார்கள். உட்கார வலுவில்லாதபோது மணலைக் குவித்துத் தலையைச் சாய்த்து, படுத்தபடியே ஓதினார்கள். பஞ்சம் தீர்ந்து எழுநூறு பேர் இந்தியாவிலிருந்து திரும்பியதும் இரு சாராரும் பாடங்களை ஒப்பிட்டார்கள். ஓர் எழுத்தும் வேறுபடவில்லை என்கிறது உரை.

வினய உரை தரும் செய்தி இன்னும் உறைப்பானது. அந்தப் பேரச்சக் காலத்தில் மகாநித்தேசம் என்ற நூல் ஒரேயொரு பிக்குவுக்கு மட்டும் பாடமாக இருந்தது. அவரோ ஒழுக்கம் கெட்டவர். அவரிடம் போய்க் கற்க மகாரக்கித தேரருக்கு மனமில்லை. நூல் அழிந்துவிடும் என்று வற்புறுத்தித்தான் அனுப்பினார்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் மிஞ்சிய ஒரே பிரதியைப் படியெடுக்க இராக்கண் விழித்தவர்களுக்கு அந்தத் தேரரின் அருவருப்பும் புரியும், அனுப்பியவர்களின் அவசரமும் புரியும்.

கணினியின் எழுத்துவேலைக்கும் ஒரு முறைமை உண்டு. முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அனைத்தையும் லினக்ஸின் மையநிரலான கெர்னல் உறையவைக்கிறது. இதற்கு 20 விநாடி அவகாசம். எங்கோ ஒரு நெட்வொர்க் கோப்புக்காகக் காத்திருக்கும் நிரல் உறைய மறுத்தால் முயற்சி அங்கேயே கைவிடப்படும். பிறகு சாதனங்களை நிறுத்தி, எதுவும் அசையாத அந்தக் கணத்தில் நினைவகத்தைப் படியெடுக்கிறது. அந்தப் படியை வைப்பதற்கும் ரேமில்தான் இடம் வேண்டும். அதனால் ரேம் முழுவதையும் எழுத முடியாது, அதிகபட்சம் பாதி. லினக்ஸ் தானாக வைத்துக்கொள்ளும் இலக்கு ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. மிச்சத்தை முன்கூட்டியே ஸ்வாப் என்ற, டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்குத் தள்ளும், அல்லது கைவிடும். டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் கோப்பின் நகலை எதற்கு இன்னொரு முறை எழுத வேண்டும்? அதன்பின் சாதனங்களை மறுபடி எழுப்பி, எடுத்த படிமத்தை ஸ்வாப்பில் எழுதுகிறது. கடைசிப் பக்கமும் எழுதி முடிந்த பிறகே, இங்கே ஒரு படிமம் இருக்கிறது என்ற முத்திரை ஸ்வாப்பின் தலைப்பில் விழும். எழுதும் நடுவில் கரண்ட் போனால் முத்திரை இராது. அடுத்த பூட்டில் கெர்னல் அரைகுறைப் படிமத்தை நம்பி ஏமாறாது.

அலுவிகாரைக்கு வருபவர்களுக்கு ஓலையில் எழுதிக் காட்டுவார்கள். பதப்படுத்திய தாளிப்பனை ஓலையில் எழுத்தாணி கீறிக்கொண்டு போகும்போது கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தபின் எழுத்து கறுத்துத் துலங்கும். இங்கும் கடைசி வேலைதான் எழுதியதை வாசிக்கத்தக்கதாக்குகிறது. எழுதும்வரை இரண்டும் ஒரே வழியில் போகின்றன, வாசிப்பில் பிரிகின்றன.

*

கெர்னலின் மூலநிரலில் ஒரு வரி உண்டு. ஒருமுறை அழைத்தால் இருமுறை திரும்புவது. நினைவகத்தைப் படியெடுத்ததும் ஒருமுறை திரும்பும். மணி நேரங்களோ நாட்களோ கழித்து, அந்தப் படி டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு ஊட்டப்பட்டதும், அதே வரியில் இன்னொருமுறை திரும்பும். நினைவகத்துக்கு இரண்டும் ஒரே கணம். இனித்தான் எழுதவேண்டுமா, எழுதி உறங்கி எழுந்தாயிற்றா என்று உள்ளே இருக்கும் எதைப் பார்த்தும் சொல்ல முடியாது. அதற்காகவே ஒரு சின்ன மாறியைப் படிமத்தில் சேராத இடத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் கெர்னல் தன் உறக்கத்தை அறிகிறது. முழு நினைவும் பழுதில்லாமல் திரும்பினாலும், உறங்கினேன் என்ற ஒரு செய்தி நினைவுக்கு வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது.

கெர்னல் அறிந்தால் மட்டும் போதாது, சாதனங்களை இயக்கும் ஒவ்வொரு டிரைவரும் அறிய வேண்டும். வைஃபை அட்டையின் டிரைவர் உறங்குமுன் சிப்புக்குள் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலை ஏற்றியிருந்தது. மின்சாரம் போனதும் சிப் அதை மறந்துவிட்டது. டிரைவரின் நினைவிலோ ஏற்றியது ஏற்றியபடி இருக்கிறது. வெற்றுச் சிப்புக்குக் கட்டளை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கிராபிக்ஸ் அட்டைக்குச் சொந்த மெமரி உண்டு. அது ரேமில் சேர்த்தியில்லை, ஆகவே படிமத்திலும் சேராது. என்விடியாவின் டிரைவரிடம் அதையும் காப்பாற்று என்று சொல்ல ஒரு தனி அமைப்பே இருக்கிறது. அது இயங்காத இடத்தில், திரும்பி வந்த நிரல்கள் தங்கள் படங்கள் அங்கே இருப்பதாகவே நம்பித் திரையை நிரப்புகின்றன. நாம் பார்ப்பது சிதறல். இத்தகைய கோளாறுகளில் யாரும் எதையும் மறக்கவில்லை. டிரைவர் துல்லியமாக நினைவு வைத்திருக்கிறது, அந்த நினைவுக்குரிய உலகம்தான் போய்விட்டது.

துப்புத் துலக்குவதும் இதை ஒட்டியே நடக்க வேண்டும். கோளாறு உறங்கும்போதா, படிமத்தைத் தேடும்போதா, எழும்போதா என்று முதலில் பிரிக்க வேண்டும். புதிதாக பூட் ஆகிறது என்றால், எழுதிய படிமத்தை யாரும் தேடவில்லை. ஸ்வாப் எங்கே என்பதை ரெஸ்யூம் என்ற அளவுருவில் கெர்னலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தனிப் பிரிவு என்றால் அதன் அடையாள எண்ணான யூயூஐடி போதும். கோப்பு என்றால் அது டிஸ்க்கில் தொடங்கும் இடமும் வேண்டும். 2017இல் உபுண்டு லினக்ஸின் 17.04 பதிப்பு ஸ்வாப்பைக் கோப்பாக வைக்கத் தொடங்கியது முதல் இது பலருக்குத் தலைவலி. அதே டிஸ்க்கில் இன்னொரு லினக்ஸை நிறுவினால் அது ஸ்வாப்பைப் புதிதாக வடிவமைத்து யூயூஐடியை மாற்றிவிடக்கூடும். 2020இல் வந்த ஃபெடோரா 33 முதல் அந்த லினக்ஸ் விநியோகத்தில் ஸ்வாப் ரேமுக்குள்ளேயே சுருங்கி உட்கார்ந்திருக்கிறது. அணைந்தால் அதுவும் போகும், அதில் எழுதி என்ன பயன்? செக்யூர் பூட் இயங்கினால் பல விநியோகங்களில் கெர்னலின் லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பூட்டு ஹைபர்னேட்டையே மறுக்கும். கையொப்பமில்லாமல் டிஸ்க்கில் கிடக்கும் படிமத்தில் எவரும் எதையும் செருகியிருக்கலாம் அல்லவா? இவையெல்லாம் முகவரிச் சிக்கல்கள். ஒருமுறை சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

தீராதது எழும்போது வரும் கோளாறு. அதற்குக் கெர்னலில் பிஎம் டெஸ்ட் என்ற வசதி இருக்கிறது. உறக்கத்தின் படிகளில் ஒரு படிவரை மட்டும் இறங்கி, ஐந்து விநாடி நின்று, திரும்பி ஏறும் ஒத்திகை. நிரல்களை மட்டும் உறையவைத்துப் பார்க்கலாம், அடுத்து சாதனங்கள், அடுத்து ஃபர்ம்வேர், அடுத்து புராசசர்கள். எந்தப் படியில் தடுக்குகிறது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஒருதடவை தேறியதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சிலநேரம் மட்டும் வரும் கோளாறு, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்தால்தான் அகப்படும். சந்தேகமுள்ள டிரைவரை உறங்குமுன் கழற்றி, எழுந்தபின் மாட்டினால் அடங்கிவிடும் சிக்கல்கள் ஏராளம். சிஸ்டம்டியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துக்கொள்ளும். இந்த வைத்தியத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும். டிரைவருக்கு நாம் கொடுப்பது மறதி. எதையும் நினைவில் கொண்டுவராததால் அது சிப்பைப் புதிதாக விசாரித்து, ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றுகிறது.

எழும் வழியில் திரையும் செத்து, லாக்கும் டிஸ்க்கை எட்டாமல் இயந்திரம் உறைந்துவிட்டால் மிஞ்சுவது பிஎம் டிரேஸ். உறைந்த இடத்தை எங்கே குறித்துவைப்பது? ரேம் மறு பூட்டில் அழியும், டிஸ்க் இன்னும் எழவில்லை. தாய்ப்பலகையின் குட்டிப் பற்றரியில் ஓடும் கடிகாரம் ஒன்றுதான் அழியாமல் இருக்கும். ஆகவே கெர்னல் ஒவ்வொரு சாதனத்தையும் தொடும்போது அதன் அடையாளத்தைச் சுருக்கி, ஒரு திகதியாகவும் நேரமாகவும் கடிகாரத்தில் எழுதிவைக்கிறது. தாமதியாமல் மறுபடி பூட் செய்தால், அந்தத் திகதியைப் பிரித்துப் படித்து, விழுந்த இடம் எதுவாக இருக்கலாம் என்று சொல்லும். கடிகாரம் கண்டபடி காட்டும். பிறகு திருத்திக்கொள்ள வேண்டியதுதான். காலத்தைப் பலிகொடுத்து இடத்தை அறியும் உபாயம்.

பாவெல் மாஹெக் முதலியோர் உழைப்பில் ஹைபர்னேட் வசதி 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலிலேயே இருந்தது. நைஜல் கன்னிங்ஹாம் டக்ஸ்ஆன்ஐஸ் என்ற மாற்று வழியைப் பல ஆண்டுகள் வளர்த்தார். அது கெர்னலுக்குள் சேரவே இல்லை. 2012இல் உபுண்டு 12.04 ஹைபர்னேட்டை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டது. இத்தனை காலமும் கோளாறு தீராததற்குத் திறமைக்குறைவு காரணமில்லை. ஒவ்வொரு புது மடிக்கணினியும் புதுச் சாதனங்களோடு வருகிறது. உறங்கினேன் என்று ஒப்புக்கொள்ளும் பழக்கத்தை அவை ஒவ்வொன்றுக்கும் மறுபடி பழக்க வேண்டியிருக்கிறது.

*

படிமத்தைக் கண்டதும் கெர்னல் செய்யும் முதற்காரியங்களில் ஒன்று முத்திரையை அழிப்பது. ஸ்வாப் மறுபடி வெறும் ஸ்வாப் ஆகிவிடும். எழுதியது ஒரே ஒரு வாசிப்புக்கு. ஏன் இந்த அவசரம்? படிமத்துக்குள் இருக்கும் கோப்பு முறைமையின் நிலையும் டிஸ்க்கில் இருப்பதும் பொருந்துவது உறங்கிய அந்தக் கணத்துக்கு மட்டும். எழுந்து ஒரு கடிதத்தைச் சேமித்தாலே டிஸ்க் மாறிவிட்டது. அதன்பின் பழைய படிமத்தை இன்னொருமுறை எழுப்பினால், தான் அறிந்த வெற்றிடங்களில் அது எழுதத் தொடங்கும். அந்த இடங்களிலோ இப்போது வேறு கோப்புகள் குடியிருக்கின்றன. உறக்கத்தின் நடுவே வேறொரு லினக்ஸில் புகுந்து அதே பிரிவைத் திறந்து எழுதினாலும் இதே கதி. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் கூட ஓர் அரை ஹைபர்னேட்தான். அணைத்தாயிற்று என்று நினைத்து லினக்ஸுக்குள் வந்தால், விண்டோஸ் பிரிவு எழுத இடங்கொடாமல் முரண்டுவது அதனால். காலம் கடந்த நினைவு முழு அதிகாரத்தோடு எழுந்து எழுத உட்கார்ந்துவிடுமோ என்பதுதான் இதை வடிவமைத்தவர்களின் பெரும் பயம்.

மாத்தளையில் இருப்பவனுக்கு இந்த இடத்தில் மனிதர்கள் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, தம்புள்ளையைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் வாசல். அவர்களின் வழிவந்தவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. பாட்டன் பாட்டி வாயிலாக அவர்கள் சுமந்துபோன கிராமம், போய் இறங்கிய தமிழ்நாட்டில் இல்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் வெளிநாடு போனவர்களும் அப்படித்தான் ஒரு தெருவைச் சுமக்கிறார்கள். கடைகளின் வரிசை, முத்துமாரியம்மன் தேர் திரும்பும் முனை, எந்த வீட்டுத் திண்ணையில் யார் என்பதுவரை பிழையில்லாமல் சொல்வார்கள். தெருவும் பொய்யில்லை, நினைவும் பொய்யில்லை. இரண்டும் வேறுவேறு நாளுக்கு உரியவை. இடையில் காலம் போனதை அறிந்து வருபவர், இப்போது இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்குகிறார். அறியாமல் வருபவர், இருப்பவர்களைத் திருத்தத் தொடங்குகிறார்.

ஓலைக்கு இந்த ஆபத்து நேரவில்லை. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுச் சாலை அழிந்தது. நூல் அழியவில்லை. அது எப்போதோ படி மேல் படியாகப் பெருகி பர்மாவுக்கும் சியாமுக்கும் போய்விட்டிருந்தது. சிங்கள எழுத்திலும் பர்மிய எழுத்திலும் கெமர் எழுத்திலும் அதே பாளி ஓடியது. 1881இல் லண்டனில் பாளி நூற்கழகம் தொடங்கியபின் ரோமன் எழுத்திலும் அச்சேறியது. எந்த இயந்திரத்திலும் எழும் என்று சொல்லத்தக்க பொருள். காரணம், எழுதியவர்கள் தங்கள் நிலையை அதில் எழுதவில்லை. அறுபது பேரின் பசியும் மணற்குவியலும் ஒழுக்கம் கெட்டவரிடம் பாடம் கேட்ட கூச்சமும் மூலத்தில் இல்லை, உரைகளில் ஒதுங்கியிருக்கின்றன. ஓதும் குரலின் ஏற்ற இறக்கம், யார் எங்கே மூச்சு வாங்கினார் என்பது எல்லாம் போய்விட்டது. அந்த இழப்புத்தான் அதற்குக் கிடைத்த கடவுச்சீட்டு.

இழப்பைப் பற்றி அப்போதே விவாதம் எழுந்தது. பஞ்சம் தீர்ந்து பிக்குகள் கூடிய மண்டலாராம விகாரையில், புத்த சாசனத்துக்கு வேர் கற்றலா, கடைப்பிடித்தலா என்று வாதிட்டார்கள். கற்றல் என்று தீர்ப்பானது. தோற்ற தரப்பின் பக்கமும் நியாயம் உண்டு. கடைப்பிடிப்பு என்பது உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் நிலை. அதை ஏட்டில் கட்ட முடியாது. நூலைக் கையில் எடுப்பவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் பஞ்சத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. கடைப்பிடிப்பவர் இறந்தால் நிலை அவரோடு போகும். நூல் இருந்தால், எவராவது ஒருவர் மறுபடி தொடங்கலாம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. அதற்கு அட்டவணை எதுவும் இல்லை. ஹைபர்னேட் பட்டனைத் தேடவும் நேரமில்லை. பற்றரி செத்த கணினிகளில் அன்று பிழைத்தவை சேமித்த கோப்புகள் மட்டுமே.

அதற்காக ஹைபர்னேட்டைச் சரிசெய்யும் பாட்டை வீண் என்று சொல்லமாட்டேன். திறந்து கிடக்கும் ஏழெட்டுச் சாளரங்களும் அவற்றின் வரிசையும் பாதியில் நிற்கும் ஒரு யோசனையின் உருவம். எந்தக் கோப்பிலும் அது பதிவதில்லை. அதைக் காப்பாற்றத் துப்புத் துலக்குவதும், ஒத்திகை பார்ப்பதும், டிரைவருக்கு மறதி கொடுப்பதும் நியாயமான உழைப்பு. அந்தப் பட்டனை அழுத்துமுன் கோப்பைச் சேமித்தும் விட வேண்டும். நிலையைக் காப்பது நாளைக்கு. நூலைக் காப்பது நாளை வருகிற இன்னொருவருக்கு.